செம்புக் குடத்துத் தண்ணீர்

கடை முதலாளி தவ்கே கேட்காமலேயே பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார்.

ஒரே ஒரு பீர் பாட்டில். வருடத்துக்கு ஒருமுறை, இந்த ஒரு நாளில் மட்டும், பிரிஞ்சாங் டவுனில் இருக்கும் இந்தச் சீனர் கடைக்கு வந்து சிவலிங்கம் வாங்கிப்போவது அதுதான். மற்ற நாளில் அவர் இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை. தேயிலைத் தோட்டத்தில் கங்காணி. குடி என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கிற மனிதர்.

"மச்சாம் பியாசாலா, அங்கிள்," என்றார் தவ்கே. வழக்கமானதுதானே என்று அர்த்தம்.

சிவலிங்கம் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இன்று அவருடைய மகன் வசந்தனின் நினைவு நாள். செத்தவருக்குப் பிடித்ததை இலையில் வைத்துப் படைப்பது வழக்கம். சுருட்டுப் பிடித்தவருக்குச் சுருட்டு, கருவாடு பிடித்தவருக்குக் கருவாடு. வசந்தனுக்கு பீர். குடித்து ஈரலைக் கெடுத்துக்கொண்டு செத்தவனுக்கு வேறு என்ன வைப்பார்கள்? எதைக் குடிக்கிறான் என்று சொல்லி மகனை வீட்டைவிட்டு விரட்டினாரோ, அதையே அவன் செத்த பிறகு தன் கையால் வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். பெற்ற மனசு கேட்கவில்லை.

போன வாரம் வரை இதில் அவருக்குத் துளிச் சந்தேகமும் இருந்ததில்லை.

போன வாரம்தான் ஈப்போவில் டாக்டர் ஷாமல் அந்த விஷயத்தைச் சொன்னார். மகள் புனிதாவுக்கு ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்து, அதற்கு மெடிக்கல் செக்கப் போன இடத்தில் ஈரல் சரியில்லை என்று தெரியவந்ததும், அங்கிருந்து ஈப்போவுக்கு அனுப்பியதும், கண்ணில் லென்ஸ் வைத்துப் பார்த்ததும், ஒரு நாள் முழுக்கப் போகிற சிறுநீரை எல்லாம் பிடித்துவரச் சொல்லிப் பெரிய போத்தல் கொடுத்ததும், அதை ஒரு துணிப்பையில் மறைத்துக்கொண்டு புனிதா பஸ்ஸில் தவித்ததும் எல்லாம் அதற்கு முன்பே நடந்திருந்தன. கடைசியில் மரபணுவைச் சோதிக்கக் கோலாலம்பூருக்கு ரத்தம் போனது. முடிவு வந்தது.

நாம் சாப்பிடுகிற சோற்றிலும் காய்கறியிலும் கொஞ்சம் செம்பு இருக்கிறதாம். உடம்புக்கு வேண்டியது போக மிச்சத்தை ஈரல் வெளியே தள்ளிவிடும். தள்ளுகிற வேலையைச் செய்யும் மரபணு புனிதாவிடம் பழுது. அப்பா கொடுத்த பிரதியும் பழுது, அம்மா கொடுத்த பிரதியும் பழுது. பெற்றவர்கள் இருவரிடமும் ஒன்று பழுதாகவும் ஒன்று நல்லதாகவும் இருப்பதால் அவர்களுக்கு ஒன்றும் செய்யாது. பிள்ளைக்கு இரண்டுமே பழுதாக வந்துவிட்டால் செம்பு ஈரலில் சேரும். அங்கே நிறைந்து மூளைக்கும் போகும். கண்ணின் கருவிழி ஓரத்தில் வளையமாகவும் படியும்.

"இறந்துபோன மகன்னு சொன்னீங்களே அங்கிள், அவருக்குக் கை நடுங்குச்சா? பேச்சு குழறுச்சா?" என்று டாக்டர் ஷாமல் கேட்டார்.

"நடுங்கும் டாக்டர். குடிகாரனுக்கு நடுங்காதா?"

"இந்த நோயிலயும் நடுங்கும் அங்கிள். நடை தள்ளாடும், கண்ணு மஞ்சளாகும். பார்க்கிறவங்களுக்குக் குடிச்ச மாதிரியேதான் இருக்கும். அவர் உண்மையிலேயே குடிச்சாரா? நீங்க கண்ணால பார்த்தீங்களா?"

அந்தக் கேள்விக்குச் சிவலிங்கம் இன்னும் பதில் சொல்லவில்லை. 

"வேணாம் தவ்கே. எடுத்து வச்சிருங்க," என்றார்.

"அப்ப வேற என்ன வேணும்?"

என்ன வேண்டும்? பெற்ற பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. கடையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். பிஸ்கட், முட்டை, சோப்பு. ஒன்றும் வாங்காமல் படியிறங்கிவிட்டார்.

வீட்டில் பத்மா படையலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வெறுங்கையோடு வந்த கணவனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

அடுப்படி மூலையில் அந்தச் செம்புக் குடம் கவிழ்ந்து கிடந்தது. பத்மா கல்யாணமாகி வந்தபோது அண்ணன் ஆண்டியப்பன் கொடுத்த சீர். வெள்ளிக்கிழமை தவறாமல் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருப்பாள். ராத்திரி அதில் தண்ணீர் நிரப்பி, காலையில் வெறும் வயிற்றில் குடித்தால் ஈரலுக்கு நல்லது என்று யார் யாரோ சொல்ல, வசந்தன் கண் மஞ்சளான நாளிலிருந்து அவனுக்கு அதைத்தான் கொடுத்தாள். அவன் வேண்டாம் என்பான். விடமாட்டாள். குடித்துக் கெட்ட ஈரலை இதுதான் கழுவும் என்று நின்று குடிக்கவைப்பாள்.

டாக்டர் ஷாமல் நல்ல மனுஷி. "அம்மா, நோய் குடத்துல வரல. பிறக்கும்போதே கூட வந்தது. அதை நெனச்சு நீங்க உடைஞ்சு போகாதீங்க," என்றுதான் சொன்னார். ஆனால் பத்மா விடாமல் கேட்டாள். அந்தத் தண்ணியைக் கொடுத்திருக்கலாமா, கூடாதா? கூடாது என்பதுதான் பதில். டாக்டர்கள் பொய் சொல்ல முடியாதே.

"தண்ணி கலக்கட்டுமா?" என்று கேட்டாள் பத்மா.

"ம்."

தேத்தண்ணி கலக்கி நீட்டினாள். அவர் வாங்கிக் கீழே வைத்தார். இரண்டு பேரும் குடத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். அதைத் தூக்கிப் போடவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

புனிதா சாவியோடு வந்து நின்றாள்.

"கெளம்பலாமாப்பா?"

"சாயந்தரம் படையல் இருக்கு புனிதா. இன்னொரு நாளைக்கு…"

"இன்னொரு நாளைக்குனு சொல்லி ஒரு வாரம் போச்சு. டாக்டர் என்ன சொன்னாங்க? அண்ணன் புள்ளைக்கு உடனே பார்க்கணும்னு சொன்னாங்களா இல்லையா?"

வசந்தனுக்கு ஒரு மகள். பூவிழி. வசந்தன் கட்டியது பத்மாவின் அண்ணன் மகள் சீதாவை. முறைப்பெண். சிவலிங்கமும் பத்மாவுமே அத்தை மகன், மாமன் மகள்தான். சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று இரண்டு தலைமுறையாகச் சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொண்ட குடும்பம். பழுதான மரபணுவும் அப்படியே உள்ளுக்குள் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது, யாருக்குத் தெரியும்? வசந்தனிடமிருந்து பூவிழிக்கு ஒன்று கட்டாயம் வந்திருக்கும். சீதாவிடமும் ஒன்று இருந்து, அதுவும் பிள்ளைக்கு வந்திருந்தால், அப்பனைக் கொன்ற நோய் மகளுக்குள்ளும் இருக்கிறது.

அந்தச் சீதாவிடம் போய்ச் சொல்ல வேண்டும். தன் புருஷன் குடிக்கவே மாட்டார் என்று கடைசிவரை சொன்னவள் அவள் ஒருத்திதான். "நீதாண்டி மறைச்சு மறைச்சு எம்புள்ளய கொன்ன" என்று சாவு வீட்டில் பத்மா அவள்மேல் விழுந்ததும், சிவலிங்கம் அதைத் தடுக்காமல் நின்றதும், அன்றே அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லெம்பா பெர்த்தாமில் இருக்கும் அப்பா வீட்டுக்குப் போனதும் நடந்து, இதுவரை இரு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

"நானும் வரவா?" என்றாள் பத்மா.

"நீ இரு. முதல்ல நான் போய் வாங்கிக் கட்டிக்கிறேன்," என்று எழுந்தார் சிவலிங்கம்.

காரைப் புனிதாதான் ஓட்டினாள். தேயிலை மலை முடிந்து, தானா ராத்தாவைத் தாண்டி, அணைக்கட்டுக்குக் கீழே பாதை இறங்கியது. இரு பக்கமும் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள்.

"மாத்திரை போட்டியா?" என்று கேட்டார்.

"போட்டேன்பா."

"எத்தனை நாளைக்குப் போடணும்னாங்க?"

"மூச்சு இருக்கிற வரைக்கும். ஆனா மூச்சு இருக்கும்லா. அதான் முக்கியம்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவருக்கு அது ஈட்டியாக இறங்கியது. இந்த மாத்திரை அன்றைக்கும் கடையில் இருந்தது. ஆஸ்பத்திரியில் வசந்தனைச் சேர்த்த அன்று டாக்டர் வாயைத் திறக்குமுன் "குடிதான் டாக்டர்" என்று சொன்னது யார்? இவர்தான். படுத்திருந்தவன் இல்லை என்று தலையாட்டினான். பெரியவர் சொல்லை டாக்டர் நம்பினார்.

அதற்கும் முன்னால் ஒரு நாள் இருக்கிறது. அதை நினைக்காமல் இருக்கத்தான் அவர் ஜன்னல் வழியே தக்காளிச் செடியை எண்ணிக்கொண்டு வந்தார். முடியவில்லை.

தோட்டத்து மாரியம்மன் கோயில். லைன் வீடுகளில் இருக்கிற தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரும் கூடியிருந்தார்கள். "குடிக்கலைனா ஆத்தா முன்னாடி கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணுடா" என்றார் சிவலிங்கம். வசந்தன் தயங்கவில்லை. உள்ளங்கையில் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு வாயைத் திறந்தான். "நான் குடிக்கலப்பா" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் கை வெடவெடவென்று நடுங்கி, கற்பூரம் தரையில் விழுந்து அணைந்துபோயிற்று.

பொய்ச் சத்தியம், அதான் ஆத்தா தட்டிவிட்டா என்றது கூட்டம். சிவலிங்கமும் அப்படியேதான் நம்பினார். அன்று சாயந்தரமே மகனையும் மருமகளையும் வெளியே போகச் சொல்லிவிட்டார். தட்டிவிட்டது ஆத்தாவா, செம்பா? இப்போது தெரிகிறது. தெரிந்து என்ன பிரயோஜனம்.

"ஏம்பா அழறீங்க?" என்றாள் புனிதா.

"தூசு," என்றார்.

கண்ணாடி எல்லாம் ஏற்றித்தான் இருந்தது.

ஆண்டியப்பன் வீடு மேட்டில் இருந்தது. ஒரு வருடம் வந்த வெள்ளத்தில் சேறு பழைய வீட்டை மூடியபிறகு மேலே ஏற்றிக் கட்டியது. வாசலில் முட்டைக்கோசு கூடைகளை லோரிக்கு அடுக்கிக்கொண்டிருந்தவர் வந்தவர்களைப் பார்த்தார், பிறகு மறுபடியும் அடுக்கினார்.

"என்ன மச்சான், நல்லா இருக்கீங்களா?" என்றார் சிவலிங்கம்.

"இருக்கோம் மாப்பிள்ளை. உங்க புண்ணியத்துல."

பூட்ஸும் சேறுமாக சீதா கீழே காய்கறி போட்டிருந்த கெபுனிலிருந்து ஏறி வந்தாள். இளைத்திருந்தாள். மாமனாரைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. புனிதாவைப் பார்த்து மட்டும் தலையசைத்தாள்.

"வா புனிதா. பசியாறியாச்சா?"

"ஆச்சு அண்ணி. ஒரு முக்கியமான விஷயம். பூவிழி பத்தி."

புனிதா சொல்லத் தொடங்கினாள். தனக்கு ஈரலில் வந்தது, எப்படிக் கண்டுபிடித்தார்கள், மருந்து சாப்பிடுவது, அண்ணனுக்கும் இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னாள். சீதா அசையாமல் கேட்டாள். ஆண்டியப்பன்தான் இடையில் கூடையை டமாரென்று கீழே வைத்தார்.

"அப்ப, எங்க ரத்தத்துல கோளாறுனு சொல்ல வந்திருக்கீங்க."

"உங்க ரத்தம் எங்க ரத்தம்னு ரெண்டு இல்ல மாமா. எங்கம்மா உங்க தங்கச்சி."

"குடிச்சு செத்தான் உன் அண்ணன். ஊருக்கே தெரியும். இப்ப அந்தப் பேரைக் கழுவ எம்பேத்திக்குச் சீக்குனு கதை கட்டுறீங்களா? நாளைக்கு அவளுக்கு மாப்பிள்ளை தேட வேணாமா?"

"மச்சான், வசந்தன் குடிக்கல," என்றார் சிவலிங்கம்.

ஆண்டியப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க சொன்னதுதானே மாப்பிள்ளை? கோயில்ல நானும் இருந்தேன். எம்மக தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னா, அவரு குடிக்க மாட்டாருனு. நான் அவள நம்பல, உங்கள நம்புனேன். கங்காணி பொய் சொல்ல மாட்டாருனு நம்புனேன். இப்ப வந்து இல்லைங்கிறீங்க. நான் எதை நம்புறது?"

மகனைக் குடிகாரன் என்று சிவலிங்கம் சொன்ன ஒரு சொல்லை ஊரே எடுத்துக்கொண்டது. இன்றைக்கு இல்லை என்று சொன்னால் கேட்க ஆளில்லை. வாய் ஒன்றுதான், வார்த்தை மாறிவிட்டதே.

புனிதா விடவில்லை. "மாமா, உங்க கெபுன்ல தண்ணிப் பைப்பு எங்கேயோ உடைஞ்சா என்ன பண்ணுவீங்க? மலை பூரா தோண்டுவீங்க. இந்த இடத்துலதான் உடைஞ்சிருக்குனு காட்டிட்டா?"

"அந்த இடத்தத் தோண்டுவேன். அதுக்கென்ன?"

"என் ரத்தத்துல எந்த இடம்னு கண்டுபிடிச்சிட்டாங்க. பூவிழிக்கு அந்த ஒரு இடத்தைப் பார்த்தா போதும். கொஞ்சம் ரத்தம்தான். அண்ணிக்கும் பார்ப்பாங்க. ஒண்ணு மட்டும் இருந்தா சீக்கே கிடையாது, எல்லாரையும் மாதிரி இருக்கலாம். ரெண்டு இருந்தாலும் இப்பவே மாத்திரை ஆரம்பிச்சா ஈரலைக் காப்பாத்திரலாம். தெரியாம விட்டாதான் மாமா, அண்ணன் மாதிரி ஆகும்."

ஆண்டியப்பன் அடுத்த கூடையைத் தூக்கினார். மனசு இறங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அப்போதுதான் உள்ளேயிருந்து பூவிழி வந்தாள். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து சிவலிங்கத்தின் முன்னால் நீட்டினாள்.

செம்புச் சொம்பு. புளி போட்டுத் தேய்த்தது. அவர் வீட்டு அடுப்படி மூலையில் கவிழ்ந்து கிடக்கிற குடத்தோடு ஒரே கடையில் வாங்கியது.

"குடிங்க," என்றாள். அவர் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. வசந்தனின் மூக்கு, வசந்தனின் நெற்றி.

"நீயும் இதுலதான் குடிப்பியாடா கண்ணு?"

"காலையில ஒரு சொம்பு குடிக்கணும். தாத்தா தருவாங்க. ஈரலுக்கு நல்லது. போன மாசம் எனக்கு மஞ்சக்காமாலை வந்துச்சில்ல, அதுலேருந்து."

சீதா சட்டென்று திரும்பினாள். புனிதாவின் முகம் வெளுத்துப்போயிற்று.

"காமாலையா? எப்ப அண்ணி? டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?"

"லேசா இருந்துச்சு," என்றாள் சீதா. குரல் தேய்ந்திருந்தது. "அப்பா கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தாரு. சரியாப் போச்சுனு…"

சிவலிங்கம் சொம்பை வாங்கித் தண்ணீரை மண்ணில் கொட்டினார். பிள்ளை பயந்து இரண்டடி பின்னால் போனாள். அவர் அங்கேயே, முட்டைக்கோசுக் கூடைகளுக்கு நடுவில், தரையில் உட்கார்ந்துவிட்டார். தோட்டத்தில் அவரைப் பார்த்தால் ஆட்கள் எழுந்து நிற்பார்கள். அவர் இப்படி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"மச்சான், இதத்தான் நாங்க அவனுக்குக் குடுத்தோம்," என்றார். "பத்மா நின்னு குடிக்க வச்சா. ஈரலுக்கு நல்லதுனு. வேணாம்மானு சொன்னான், கேக்கல. குடிக்கலப்பானு சொன்னான், கேக்கல. கை நடுங்கிக் கற்பூரம் விழுந்துச்சே, அது ஆத்தா தட்டலை மச்சான். அவன் கையில நோய் இருந்துச்சு. நோய் வந்த புள்ளைய நான் வெளிய போடானு சொன்னேன். எம்மேல கோவத்துல இந்தப் புள்ளைய விட்டுறாதீங்க. என்னைச் செருப்பால அடிங்க, வாங்கிக்கிறேன். இவளுக்கு மட்டும் பார்த்துருங்க."

லோரிக்காரன் வந்து ஹாரன் அடித்தான், ஆண்டியப்பன் கையைக் காட்டி இருக்கச் சொன்னார்.

சீதாதான் பேசினாள்.

"உங்களுக்கு இப்பதான் தெரியுது மாமா. எனக்கு அப்பவே தெரியும். பக்கத்துல படுக்கிறவளுக்கு வாடை தெரியாதா?" அவள் குரலை உயர்த்தவில்லை. "அவரு என்னா குடிப்பாருனு உங்களுக்குத் தெரியுமா?"

மகனுக்கு என்ன பிடிக்கும் என்று காலையில் தவ்கே கடையில் அவர் தன்னையே கேட்டுக்கொண்ட கேள்விதான். சிவலிங்கம் தலையாட்டினார். தெரியாது.

"சோயாப் பால். பிரிஞ்சாங்ல ரோட்டோரம் விப்பாங்களே, அது. வேலை விட்டு வரும்போது பிளாஸ்டிக் பையில கட்டி, வெரல்ல மாட்டிக்கிட்டு வருவாரு. எனக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணு. ஒரு நாள் லைன் முனையில நீங்க வழி மறிச்சு, கையில தட்டி விட்டீங்க. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. தள்ளாடித் தள்ளாடி வந்த மகன், விரலில் தொங்கிய பை, உள்ளே வெள்ளையாக. தாப்பாவிலிருந்து லோரிக்காரர்கள் ஏற்றிவரும் கள்ளும் அப்படித்தான் பிளாஸ்டிக் பையில் வரும். லைன் வீட்டு நவமணியும் மற்றவர்களும் பார்த்துக்கொண்டிருக்க, ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். பை வெடித்துத் தார் ரோட்டில் வெள்ளையாக ஓடியது. குனிந்து மோந்து பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"வீட்டுக்கு வந்து அழுதாரு," என்றாள் சீதா. "அடிச்சதுக்கு அழல. 'எங்கப்பா மோந்துகூட பார்க்கல சீதா'னு சொல்லி அழுதாரு."

புனிதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

சீதா மகளை இழுத்து அணைத்து, வெளிச்சத்தில் அவள் முகத்தைத் திருப்பி, கண்ணைத் தன் இரு விரலால் விரித்துப் பார்த்தாள். அந்தக் கறுப்புக் கண்ணில் வளையம் இருந்தாலும் வெறுமனே பார்த்தால் தெரியாது. ஆனாலும் பார்த்தாள்.

"டாக்டர் எப்ப வரச் சொன்னாங்க புனிதா?"

"திங்கக்கிழமை வரலாம்னாங்க. காமாலை வந்துச்சுனா… நான் இப்பவே போன் பண்றேன் அண்ணி. நாளைக்கே போலாம்."

"சீதா," என்று ஆரம்பித்தார் ஆண்டியப்பன்.

"அப்பா, நீங்க ஒரு தடவ மத்தவங்க பேச்சைக் கேட்டீங்க. போதும்," என்றாள். ஆண்டியப்பன் வாயை மூடிக்கொண்டு சொம்பைக் கையில் எடுத்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

சீதா மாமனார் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு ஈப்போவுக்கு வரேன். எம்புள்ளைக்காக. இன்னிக்குப் படையலுக்கு வர மாட்டேன். அந்தக் கோயில்ல எந்த ஜனங்க முன்னாடி அவரப் பொய்யன்னு சொன்னீங்களோ, அதே ஜனங்க முன்னாடி இல்லைனு சொல்லுங்க. அப்புறம் வரேன்."

"வெள்ளிக்கிழமை பூசையில சொல்றேன்மா."

"கற்பூரம் அடிச்சுச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

திரும்பும்போது பிரிஞ்சாங்கில் காரை நிறுத்தச் சொன்னார் சிவலிங்கம். ரோட்டோரக் கடையில் சோயாப் பால் வாங்கினார். கடைக்காரம்மா பிளாஸ்டிக் பையில் ஊற்றி, வாயை ரப்பரால் இறுக்கி, விரலில் மாட்ட ரப்பரில் ஒரு காது விட்டுத் தந்தாள். அவர் அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். அவித்த சோயாவின் வாசனை, கொஞ்சம் வெல்ல வாசனை. வேறு எந்த வாடையும் இல்லை.

லைன் முனையிலேயே இறங்கிக்கொண்டார். விரலில் பையை மாட்டிக்கொண்டு மற்ற வீடுகளைக் கடந்து நடந்தார். வாசலில் நின்ற நவமணி பார்த்துவிட்டாள்.

"என்ன கங்காணி, கையில?"

"சோயாப் பால். எம்மவன் குடிச்சது இதுதான். அன்னிக்கு நான் தட்டிவிட்டது இதுதான்."

நவமணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அவர் பின்னாலேயே வந்தாள். இன்னும் இரண்டு மூன்று பேரும் வந்தார்கள்.

படத்தின் முன்னால் பத்மா இலை போட்டிருந்தாள். சாம்பார், வடை, பாயசம். பாட்டில் வைக்கிற இடம் மட்டும் காலியாக இருந்தது.

"பிள்ள நல்லா இருக்காளா?" என்று அவள் கேட்டாள்.

"நாளைக்கு ஈப்போவுக்கு வர்றா. போன மாசம் கண்ணு மஞ்சளா இருந்துச்சாம்," என்றாள் புனிதா.

பத்மா அடுப்படி மூலையைப் பார்த்தாள். எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்து வந்து இலையோரம் வைத்தாள்.

சிவலிங்கம் உட்கார்ந்து பையின் ரப்பரைப் பிரித்தார். டம்ளரில் ஊற்ற ஆரம்பித்ததும் அவர் கை நடுங்கத் தொடங்கியது. நிறுத்தப் பார்த்தார், நிற்கவில்லை. வெள்ளையாக வழிந்து டம்ளருக்கு வெளியே இலையில் ஓடி, வடையை நனைத்து, தரைக்கும் வந்தது.

பத்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நவமணியும் மற்றவர்களும் வாசலில் நின்று பார்த்தார்கள். கங்காணி குடித்திருக்கிறாரா என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை.